செல்லாத கோல்

மண்டியில் நாற்பது பெட்டி இறக்கிவிட்டு
ஆறரைக்குத் திரும்பியது எங்கள் குட்டியானை.
பின்தட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவியும்
நசுங்கின தக்காளி வாசம் போகவில்லை.
தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய்,
அதன்மேல் நான், நாத்தனார் சாலம்மா, சின்னவன் தர்ஷன்.
மூன்று பேர் காலுக்கும் நடுவில்
எலுமிச்சைச் சோற்று அண்டா.
மூடி நழுவாமலிருக்க என் வலது பாதம்.

இராயக்கோட்டையிலிருந்து தருமபுரிக்கு
எத்தனை வேகத்தடை என்று
ரோடு போட்டவனைக் கேட்காதே,
என் இடுப்பைக் கேள்.

"டவுசர் போட்டுக்கிட்டா ஓடுவா?" என்றாள் சாலம்மா,
பாலக்கோடு கேட்டில் நின்றபோது.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
"சேலை கட்டிக்கிட்டு ஓடத்தான் நான் இருக்கனே" என்றேன்.
தர்ஷன் ஐம்பத்திரண்டு பெட்டி எண்ணினான்.
முன்னால் அவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்,
ரயிலையே ஒதுங்கச் சொல்வதுபோல.

காலேஜ் மைதானம்.
செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு.
எங்கள் பிள்ளைகள் பக்கம் முழு வெயில்,
எதிர்க்கட்சிப் பக்கம் இரண்டு புங்கமரம்.
ஒரு நிமிடம் யோசித்துவிட்டு
எதிர்க்கட்சியில் போய்ப் பாயை விரித்தோம்.

பதினாலாம் நம்பர் எங்கள் சுபிக்ஷா.
மற்ற இருபத்தொரு பேரும்
எனக்குக் குறுக்கே வருகிறவர்கள்.
பந்து எங்கே போனாலும்
நான் பார்த்தது அவள் முழங்காலை,
பத்தாவது படிக்கையில் வரப்பில் விழுந்து
நாலு தையல் போட்ட இடத்தை.

அப்புறம் அது நடந்தது.
யாரோ உதைத்தார்கள், யாரோ தவறவிட்டார்கள்,
இவள் மட்டும் தனியாக, முன்னால் வலை,
பந்து உள்ளே.
கல்யாணமாகி இருபத்தொரு வருஷம்,
நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொடாத மனுஷன்
பக்கத்தில் நின்ற அரூர்க்காரரைக்
கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.
அவர் அந்தக் கோல்கீப்பரின் அப்பா.

சுபிக்ஷா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள்,
வெயில் பக்கம்,
எங்களைத் தேடி.

அதற்குள் ஓரத்தில் ஒருத்தர் கொடி தூக்கினார்.
செல்லாதாம்.

"ஆஃப்சைடுங்க" என்றார் அரூர்க்காரர்,
கால் தரையில் பட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து
நாலு முறுக்கை ஆளாக நிறுத்தி விளக்கினார்.
இவர் வெகுநேரம் முறுக்கையே பார்த்தார்.
"மணி அடிக்க முந்தியே ஏலம் கேட்டுட்டா. அதானே?"
"அதேதான்."
கடைசி ஆளை எடுத்துத் தின்றுவிட்டு
"எந்திரிங்க" என்றார் எங்களிடம்.
பாயையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு
மைதானத்தைச் சுற்றி
வெயிலுக்குப் போனோம்.

எங்கள் தோட்டத்தில்
கொடியைத் தூக்கிக் கட்டினால்தான்
காய் மண்ணில் படாமல் நிற்கும்.
இங்கே தூக்கினால் விழுந்துவிடுகிறது.
சாலம்மாவிடம் இதைச் சொன்னேன்.
அவள் கொடிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
அவர் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி.
டவுசர் பற்றி அதற்குப்பின் பேச்சில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றார்கள்.
வந்தாள், யார் முகத்தையும் பார்க்காமல்.
நானும் எதுவும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தேன்.
பதினைந்து பெண்கள் மண் கையோடு சூழ்ந்தார்கள்.
அரூர்ப் பிள்ளையும் வந்தாள்,
கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
இரண்டாம் தரம் வாங்கியவள் அவள் மட்டும்தான்.

அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.
திரும்புகையில் அண்டாவும் காலி.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் உருண்டு சத்தம் போட்டது.
கால் வைத்துப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மண்டியில் கேட்டிருக்கிறார்கள்.
"ஒண்ணு போட்டா" என்றாராம்.
"அப்ப ஜெயிச்சாச்சா?"
"பெட்டி இன்னிக்கு என்ன போகுது?" என்றாராம்.

துவைக்கச் சொல்லி அவள் தந்தனுப்பிய பனியன்
மூன்று அலசலுக்கும் சிவப்பாகவே விட்டது.
கொடியில் போட்டேன்.
காற்றுக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டது,
பக்கத்துத் தோட்டத்துக்குப்
பதினாலு தெரியும்படி.